தாம்பரம் முதல் நாகர்கோவில் வரை: நெடுஞ்சாலைக் கார்ப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துவரங்குறிச்சிக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடை. மே மாதத்து நண்பகல். கடைக்காரர் என் காரின் பின்பக்க டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். தேயிலைத் தூள் போலக் கறுப்பாக நைந்த ரப்பர் பொடி. காற்று குறைவாக இருந்த டயரை நெடுந்தூரம் ஓட்டினால் அதன் பக்கச் சுவர் மடங்கி மடங்கி உரசி உள்ளே இப்படித்தான் உதிரும் என்றார். வெளியே பார்த்தால் டயர் புதிது போலவே இருந்தது. அது வெடிப்பதற்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி இருந்தது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பின்னிருக்கையில் என் மனைவியும் இரண்டு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

கோடை வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புறப்படும் முன் நான்தான் நான்கு சக்கரங்களிலும் காற்றைக் குறைத்திருந்தேன். அதற்குப் பிறகு தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது காரில் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 680 கிலோமீட்டர். இத்தனை பயணங்களில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். காரில் கெட்டுப்போகும் பெரும்பாலான பாகங்கள் நம்மை வழியில் நிறுத்திவைக்கும், அவ்வளவே. ஓடும் காரையே கவிழ்க்கக்கூடியவை டயரில் குறைந்த காற்றும் ஓட்டுநருக்குக் குறைந்த தூக்கமும். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்: மெக்கானிக்கிடம்

புறப்படுவதற்கு முதல் நாள் காரை ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஊருக்குள்ளேயே நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாக மாட்டாத ஒரு குழாய் உளுந்தூர்ப்பேட்டையில் தன்னைக் காட்டிக்கொள்வதைவிட வேளச்சேரியில் காட்டிக்கொள்வது நல்லது.

மெக்கானிக்கிடம் பொதுவாக "செக் பண்ணுங்கள்" என்று சொல்லாமல், இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா? பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயில், அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறும்போது கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சு போல உள்ளே போகும், கார் நிற்காது. ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு உண்டா? பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகிவிட்டதென்றால் சோதனை செய்து பார்த்தார்களா? வீல் அலைன்மென்ட்டும் பேலன்ஸும் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் டப்பாவில் சென்னை போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் சிறு குழாய்களுக்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

டயர்: இங்கே அரை மணி நேரம் செலவிடுங்கள்

முதலில் வயது. டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்று இருந்தால், 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர் அது. பட்டன் (தரையில் படும் பக்கத்தின் மேடு பள்ள வரிகள்) தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். என் சொந்த வழக்கத்தைக் கேட்டால், ஆறு ஆண்டு ஆனதும் மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது தேய்மானம். பட்டன் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று பொருள். சட்டப்படியும் அறிவுப்படியும் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கொப்புளம் போல ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளிருக்கும் நூலிழை அறுந்திருக்கிறது. அந்த டயரோடு புறப்படவே கூடாது.

இப்போது காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், உள்சட்டத்தில் ஒட்டப்பட்ட தாளில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். இரண்டு பேர் போனால் ஓர் அளவு, ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் என்றால் இன்னோர் அளவு. நமக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அந்த அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடான டயரில் அளவு சில பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால், குளிர்ந்த பிறகு டயர் சப்பையாகும்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கை தலைகீழானது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்குகிறது. மடங்க மடங்கச் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில்தான் டயர் கிழிகிறது. தார்ச்சாலையின் கொதிப்பு அதோடு சேர்ந்துகொள்கிறது. கார் செய்கிறவர்கள் வெயிலையும் கணக்கில் வைத்துத்தான் அந்த அளவைச் சொல்கிறார்கள். நைட்ரஜன் அடிப்பதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அடித்தால் கேடில்லை. ஆனால் நைட்ரஜன் அடித்தாயிற்று என்று அளவு பார்க்காமல் விடுவது கேடு.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். டிக்கியின் அடியில் கிடக்கும் அந்தச் சக்கரத்திலும் காற்று இறங்கும். அதற்குச் சற்றுக் கூடுதலாகவே அடித்துவையுங்கள், தேவைப்படும்போது குறைத்துக்கொள்ளலாம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிற்காமல், வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்து முறுக்கிய நட்டுகள் கைக்கு அசைந்தே கொடுக்காது. ஸ்பேனர் மேல் மிதித்துத்தான் இளக்க வேண்டியிருக்கும், அதுவும் ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே. இதை இருட்டில், லாரிகள் சீறிப் போகும் சாலையோரத்தில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

முந்தைய நாள் மாலை

கார் சமதளத்தில் நிற்கும்போது, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். வைப்பர் தண்ணீரை நிரப்புங்கள். இரவில் ஒரு சுவரை ஒட்டிக் காரை நிறுத்தி பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு எல்லாம் சுவரில் தெரிகின்றனவா என்று பாருங்கள். முன் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடையுங்கள். பலரும் வெளிப்பக்கத்தை மட்டும் துடைக்கிறார்கள். உள்ளே படிந்திருக்கும் மெல்லிய படலம்தான் எதிர் வெளிச்சத்தில் பால் ஊற்றியது போல் பரவிக் கண்ணை மறைக்கும்.

மூட்டைகளை எல்லாம் டிக்கியில் வையுங்கள், கனமானவை அடியில் இருக்கட்டும். பின் கண்ணாடி ஓரத்துத் தட்டில் கனமான எதையும் வைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் அது பிள்ளைகளின் தலையை நோக்கித்தான் பாயும். ஊரிலிருந்து திரும்பும்போது தேங்காயும் பலாப்பழமும் ஏற்றாமல் யாரும் வருவதில்லை. அவற்றைச் சாக்கில் கட்டி, டிக்கிக்குள் உருளாதபடி அடையுங்கள். ஓட்டுநரின் காலடியில் தண்ணீர்ப் பாட்டில் கூடவே கூடாது. விக்கிரவாண்டி அருகே ஒருமுறை ஒரு பாட்டில் உருண்டு வந்து என் பிரேக் பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டது. பெடலை அழுத்தினால் பாதியில் நின்றது. சாலை காலியாக இருந்ததால் காலால் தள்ளிவிட நேரம் கிடைத்தது.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று எல்லாம் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் போதும். காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோகலாம். பரனூரில் தொடங்கி நாங்குநேரி வரை ஏறத்தாழ ஒரு டஜன் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. ஃபாஸ்டாக்கில் பணம் போட்டுவிடுங்கள். அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 சாவடிகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும்.

எப்போது புறப்படுவது

வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியற்காலையில் ஊர் சேர்வது நம்மில் பலருடைய வழக்கம். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், நெரிசல் இல்லை, வெயில் இல்லை என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் பகல் முழுவதும் உழைத்த உடம்பு, அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரை எவ்வளவு மன உறுதி இருந்தாலும் தூக்கத்துக்குத்தான் ஏங்கும். அந்த நேரத்தில் நீங்கள் திருச்சிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், நேராக நீண்டு கிடக்கும் சாலையில் இருப்பீர்கள். குடும்பத்தோடு இப்படிப் போவதை நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

முந்தைய இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, அதிகாலை நான்கரைக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினால், ஏழரை மணியளவில் விழுப்புரம் தாண்டிச் சிற்றுண்டி, பத்து மணிக்குத் திருச்சி, பன்னிரண்டரைக்கு மதுரை என்று போகலாம். அங்கே ஒரு மணி நேர ஓய்வு எடுத்தாலும், மாலை ஐந்தரைக்குள் வெளிச்சத்திலேயே நாகர்கோவில். சளி, இருமலுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அது தூக்கம் வரவழைக்குமா என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மது முந்தைய இரவிலும் வேண்டாம்.

புறப்படும் முன் இருக்கையைச் சரிசெய்யுங்கள். முதுகு சாய்ந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் பட வேண்டும். சீட் பெல்ட் பின்னிருக்கைக்கும் உண்டு, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முன்னிருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம் அந்தக் குழந்தைக்கே எமனாகும். சிறு குழந்தைக்குப் பின்னிருக்கையில் அதற்கென்றே உள்ள இருக்கை வாங்கிப் பொருத்துங்கள்.

சாலையில்

மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தால் பல விஷயங்கள் தானாகப் புரியும். நான்கு நொடி கண் அசந்தால் 100 மீட்டர் யாரும் ஓட்டாத காராக அது ஓடும். முன்னே போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். மூன்று முடிவதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் மிக நெருங்கிவிட்டீர்கள். மழையில் ஐந்து வரை எண்ணுங்கள். 680 கிலோமீட்டரையும் 90இல் ஓட்டுவதற்கும் 100இல் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். அதுவும் நிற்காமல் ஓடினால்தான்.

நான்குவழிச் சாலை என்றதும் எதிரே வண்டி வராது என்று எண்ணிவிடக் கூடாது. மையத் தடுப்பில் இடைவெளி உள்ள ஊர்களில், அரை கிலோமீட்டர் சுற்றிப் போக மனமில்லாமல் ஓரமாக எதிர்த் திசையில் பைக்கில் வருகிறவர்கள் உண்டு. விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் மாலையில் ஊர்ந்து போகும். பாதயாத்திரைக் காலங்களில் சமயபுரத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் போகிறவர்கள் இருட்டிலேயே சாலையோரமாக நடந்து போவார்கள். தடுப்பு இடைவெளியோ மஞ்சள் விளக்கோ கண்ணில் பட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் வையுங்கள். அழுத்த வேண்டியதில்லை. கால் அங்கே இருந்தாலே அரை நொடி மிச்சம்.

லாரிகள் வலது பாதையிலேயே போவது நம் சாலைகளில் அன்றாடம். ஹாரனும் டிம்மும் அடித்துப் பொறுத்துப் பாருங்கள். இடது பக்கமாக முந்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், அந்தப் பாதை கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காலி என்று தெரிந்த பிறகே போங்கள். லாரி ஓட்டுநர் வலது இண்டிகேட்டர் போட்டால், சில சமயம் "முந்திப் போ" என்று பொருள், சில சமயம் அவரே வலது பக்கம் திரும்பப் போகிறார் என்று பொருள். எது என்று உறுதியாகத் தெரியாத வரை முந்தாதீர்கள். இரவில் எனக்கு மிகவும் அச்சம் தருவது ஓடும் லாரியல்ல, விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான். இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாமல், ஹை பீம் காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். மதுரையில் வயிறு நிறையச் சாப்பாடோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டு விருதுநகர்ச் சாலையில் ஏறினால், பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்ணில் மணல் கொட்டியது போலிருக்கும். ஓட்டுகிறவர் அரை வயிறு சாப்பிட்டால் போதும். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தது என்று நினைவில்லை, வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறுகிறது, அடிக்கடி கொட்டாவி வருகிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்துங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் உதவாது. பெட்ரோல் பங்க் வளாகத்துக்குள் காரை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும். விழிக்கும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

மழை பிடித்தால், முதல் பத்து நிமிடம்தான் வழுக்கல் அதிகம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போது குழம்பாகின்றன. தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசானால் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கிறது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். மழையிலும் மார்கழிப் பனியிலும் லோ பீம் விளக்கைப் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டபடி ஓட்டினால் நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கோளாறு வந்தால்

டயர் வெடித்தால் பெரிய சத்தத்தோடு கார் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக்கை மிதிக்கத்தான் கால் துடிக்கும், மிதிக்காதீர்கள். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுங்குங்கள். எஞ்சின் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அது முழுவதும் ஆறும் வரை பொறுங்கள்.

எங்கே நின்றாலும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். எல்லோரும் இடது கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். மழை என்றாலும் காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நூறு தப்படி நடந்து போய் வையுங்கள். காருக்குப் பத்தடி தள்ளி வைத்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு 90இல் வரும் வண்டியால் எதுவும் செய்ய முடியாது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசரத்துக்கு 112. அருகிலிருக்கும் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

வேறு யாரோ விபத்தில் கிடக்கிறார்கள் என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். உதவுகிறவர்கள் மீது வழக்குத் தொடரக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

கடைசி ஐம்பது கிலோமீட்டர்

வள்ளியூர் தாண்டி, காவல்கிணறு விலக்கில் நாகர்கோவில் பக்கம் திரும்பியதும் காற்றாலைகள் அடர்ந்து நிற்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று காரையே பக்கவாட்டில் தள்ளும். ஒரு பஸ்ஸையோ லாரியையோ முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்று, அதைத் தாண்டியதும் மறுபடி ஓர் அறை விழும். 60க்குக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பில் கவனம் தளர்வது இங்கேதான்.

மறுநாள் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போதே நான்கு டயரிலும் காற்றை மறுபடி அளந்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று பாயிண்ட் குறைந்திருந்தால் அதில் ஆணி இருக்கக்கூடும். திரும்பும் நாள்வரை தள்ளிப்போடாமல், வடசேரிப் பக்கம் ஏதாவது ஒரு பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள்.